பெட்டி பிரித்த காலை

அன்று காலை என் வீட்டுப் பின்புறத்தில் ஐந்து பேர் இருந்தோம். நான், சண்முகசுந்தரம். என் மனைவி சுப்புலட்சுமி. என் மகள் புவனா. அவளுடைய கணவர் இளவழகன். இளவழகனின் தாயார் அம்சவல்லி. வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தது பிறகுதான். அவர்கள் பார்த்ததாகச் சொல்வதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேனீப் பெட்டி பிரிக்க ஐந்து பேர் தேவையும் இல்லை. பொறுமை உள்ளவர் ஒருவர் போதும்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். முழங்கால் இப்போதெல்லாம் நிற்க விடுவதில்லை. நீங்கள் இதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அன்று நீங்கள் கேட்டவற்றுக்கு நான் சரியாகவே பதில் சொன்னேன். நீங்கள் கேட்காதவை சில இருந்தன. இன்று நான் வந்திருப்பது என் மகளைப் பற்றி ஊரில் நடமாடும் ஒரு பேச்சைத் திருத்துவதற்காக. அதற்குக் கடைசியில் வருகிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப் சுவரை ஒட்டிய நகரில் வீடு கட்டிக்கொண்டோம். பெல்ட்டின் இரைச்சலில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு வீட்டின் அமைதி பழகவில்லை. அதனால்தான் தேனீ வளர்க்க ஆரம்பித்தேன் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முருங்கை மரத்தடியில் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. என் ஈக்கள் சுவரைத் தாண்டி டவுன்ஷிப்புக்குள் போய் வேம்பிலும் புங்கிலும் தூங்குமூஞ்சி மரத்திலும் தேன் எடுத்து வரும். அவற்றுக்கு கேட் பாஸ் கிடையாது. அடுக்குத் தேனீ என்று நாம் சொல்லும் நாட்டு ஈ. சாதுவானது.

தையில் பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்கத் தொடங்கும். இங்கேயும் தோப்புகள் இருக்கின்றன. பெட்டிகள் பலப்படும். உள்ளே இடம் போதாமல் போனால் பழைய ராணி பாதிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடும். எங்காவது மரப்பொந்திலோ குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ போய் உட்காரும். அதற்கு முன்பே நாம் பிரித்துவிட வேண்டும். ராணி இருக்கும் அடைச் சட்டத்தையும் இன்னும் சில சட்டங்களையும் புதிய பெட்டிக்கு மாற்றுவோம். முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டங்களைப் பழைய பெட்டியில் விட்டுவிடுவோம். ராணி இல்லை என்று தெரிந்ததும் பழைய பெட்டி ஈக்கள் ஒரு புழுவைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் தனி உணவு கொடுத்து, ராணியாக வளர்த்துக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். ஆனால் ராணியை எடுத்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டியின் சத்தம் மாறும். தாயை இழந்த வீட்டின் சத்தம் அது. அந்த நேரத்தில் எந்தச் சாதுவான ஈயும் சாதுவாக இருக்காது.

என் மகளைப் பெட்டியோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் அப்படிப் பேசுகிறவன் அல்ல.

புவனா நர்ஸ் படித்தாள். கடலூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். இளவழகன் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்துவிட்டுச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் இருந்தார். உடன் வேலை செய்தவர் ஒருவருக்குக் கையில் அடிபட்டபோது அவரை அழைத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனார். பழக்கம் அங்கே ஆரம்பித்தது. ஒரு நாள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையில் போனில் சொன்னாள். நான் போனை மேஜையில் வைத்துவிட்டு பெட்டிகளைப் பார்க்கப் போனேன்.

இளவழகனின் வீடு கம்மாபுரம் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கும் தெருவில். அவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்படியெல்லாம் பார்ப்பவனும் இல்லை. பெல்ட் பிரிவில் எல்லோரோடும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். அந்தப் பையன் கான்ட்ராக்ட் என்பதும் எனக்குப் பொருட்டில்லை. பெர்மனென்ட்டாக இருந்திருந்தாலும் என் நிலை இதுதான். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதும் இல்லை. இப்போதும் அவரை 'அவர்' என்றுதான் சொல்கிறேன். கவனித்திருப்பீர்கள்.

எங்கள் பூர்வீகம் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். எங்கே வேலைக்குப் போனாலும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியைக் கொடுக்க நான் தவறியதில்லை. புவனாவின் திருமணத்துக்குப் பிறகு வந்த கொடைக்கும் போனேன். வரி வாங்கும் இடத்தில் என்னைவிட வயதில் சிறியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் நீட்டியதை அவர் வாங்கவில்லை.

"அண்ணாச்சி, இந்த வருசம் இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் பக்கவாட்டில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வரி வாங்கவில்லை என்றால் அந்தக் கோயிலில் எங்கள் வீடு இல்லை என்று அர்த்தம். என் தகப்பனார் இல்லை, அவருடைய தகப்பனார் இல்லை. நீட்டிய கையை எப்படி மடக்கிக்கொண்டு வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. கோவில்பட்டியில் பஸ் ஏறியது நினைவிருக்கிறது.

என் மகன் ஜெயகணேஷ் சென்னையில் இருக்கிறான். அவனுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் அதே சமயத்தில் நின்றது. பெண் மேலே படிக்க வேண்டுமாம்.

பிறகு நான் புவனாவோடு பேசவில்லை. சுப்புலட்சுமி பேசுவாள். நான் வெளியே போகும் நேரம் பார்த்துப் பேசுவாள். நானும் அதற்கு வசதியாக வெளியே போவேன். வீடு என்றால் இப்படிச் சில ஏற்பாடுகள் இருக்கும்.

மார்கழியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுப்புலட்சுமி பரிமாறியபடி சொன்னாள்.

"ஏங்க, அந்தத் தம்பியத் தேனீ கொட்டி உசிருக்கே ஆபத்தாப் போச்சாம்."

"எந்த ஈ?"

"அது யாரு கண்டா. ஒண்ணே ஒண்ணுதானாம். மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம ஆயிட்டாராம். புவனா பக்கத்துல இருந்ததால பொழைச்சாரு. இன்னொரு தடவ கொட்டினா இதைவிட மோசமா இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஊசி மருந்தைக் கையிலேயே வச்சிக்கிட்டுத்தான் இருக்காளாம்."

"மோர் ஊத்து" என்றேன்.

தை பிறந்ததும் நானே புவனாவுக்குப் போன் செய்தேன். மாசியில் பெட்டி பிரிக்கப் போகிறேன், ஒன்றை உனக்குச் சீராக வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையையும் அவருடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு வா என்றேன். அப்பா, அவருக்குத் தேனீ ஆகாதுப்பா என்றாள். தெரியும், அம்மா சொன்னாள் என்றேன். பெட்டி இங்கேயே இருக்கும், நானே பார்த்துக்கொள்வேன், தேன் மட்டும் உங்களுக்கு வரும். ஆனால் கொடுப்பதை முறையாகக் கொடுக்க வேண்டும். அவள் அழுதாள். சுப்புலட்சுமியும் அடுப்படியில் நின்று அழுதாள். அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் சந்தோஷமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டவனின் நிம்மதி இருந்தது.

அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். அம்சவல்லி ஒரு துணிப்பையில் முந்திரிப் பருப்பு கொண்டு வந்திருந்தார். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க. நான் இங்கயே நின்னுகினு இருக்கறனே, காத்தோட்டமா இருக்குது."

"எம்மா, சும்மா வா" என்று இளவழகன் தாயின் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என் எதிரில் உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காருங்க மாப்ள என்றேன். அந்த வார்த்தையை நான் முதல் முறையாகச் சொன்னேன். அவர் முகத்தில் அது என்ன செய்தது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

இட்லி பரிமாறினோம். அவர்களுக்காகத் தட்டும் டம்ளரும் புதிதாக வாங்கி வைத்திருந்தேன். விருந்தாளிக்குப் புதியதைக் கொடுப்பது மரியாதை.

அம்சவல்லி கொஞ்ச நேரத்தில் கூச்சம் தெளிந்து பேச ஆரம்பித்தார். நன்றாகப் பேசும் பெண்மணி. "இன்னாங்க சம்பந்தி, இத்தினி பூச்சிய வூட்டாண்ட வச்சிகினு எப்பிடிங்க தூங்குறீங்க? எங்கூட்டுல ஒரு கொசு பூந்துகிச்சின்னாவே நானு விடிய விடிய முழிச்சிகினு கெடப்பன்."

"அதுங்க இவருகிட்ட பயந்துகிட்டு இருக்கும் சம்பந்தி" என்றாள் சுப்புலட்சுமி. "நானே அப்படித்தான் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சுப்புலட்சுமி சிரித்து நான் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

புவனா தன் கைப்பையைத் திறந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்துத் தாயிடம் காட்டினாள். உள்ளே பஞ்சு வைத்து, சிறிய கண்ணாடிக் குப்பியும் ஊசியும் இருந்தன. "ஒரு தடவை கொட்டினா உடனே தொடையில போட்டுடணும்மா. இது இருந்தா ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்கும்."

"சோப்பு டப்பாவுலயா வச்சிருக்கே?"

"ஆமாங்க அத்த" என்றார் இளவழகன். "குளிக்கறதுக்கு எடுத்துகினு போய்டப் போறன்னு டெய்லி திட்றா. என் உசிரு ஹமாம் டப்பாவுல இருக்குது."

புவனா டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். பையை ஹாலில் நாற்காலியில் மாட்டினாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெயில் இதமாக ஏறியிருந்தது. ஈக்களில் பாதி பூவுக்குப் போயிருக்கும் நேரம். பெட்டி திறக்க அதுதான் தோது. தாம்பூலத் தட்டை எடுத்து வரச் சொன்னேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு பூவன் பழம். நானே ஒரு பழத்தை உரித்து இளவழகன் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு முதல் தடவை வருகிற மாப்பிள்ளை, வாய்க்கு இனிப்பாக எதையாவது போடாமல் வேலை தொடங்கக் கூடாது என்றேன். நன்றாகப் பழுத்த பழம். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

"பழம் தின்ன கைதானே மாப்ள. துண்டுல தொடைச்சிக்குங்க. நேரமாச்சுன்னா ஈயெல்லாம் வீட்டுக்குத் திரும்பிடும்."

அவர் துடைத்துக்கொண்டார்.

உங்களுக்குத் தேனீ பழக்கம் இருக்காது. அதனால் சொல்கிறேன். ஒரு ஈ கொட்டும்போது ஒரு வாசனை எழும்பும். இங்கே கொட்டு என்று மற்ற ஈக்களை அழைக்கிற வாசனை. அது பழுத்த வாழைப்பழத்தின் வாசனை போலவே இருக்கும். அதனால் தேனீ வளர்ப்பவன் பெட்டி திறக்கிற நாளில் வாழைப்பழத்தைத் தொட மாட்டான். டவுன்ஷிப் பெண்களுக்கு நான் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் சொல்லும் பாடம் இதுதான். புவனா அந்த வகுப்புகளுக்கு வந்ததில்லை.

புகை போடத் தேங்காய் நார் எடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களைப் பின்புறம் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் வீட்டுக்குள் போய் வந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். நல்ல பலமான கூட்டம். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ராணியைத் தேடினேன். மூன்றாவது சட்டத்தின் ஓரத்தில் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டத்தையும் பக்கத்துச் சட்டங்களையும் புதிய பெட்டிக்கு மாற்றி மூடினேன். இளவழகன் தள்ளி, துவைக்கும் கல்லுக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னுடைய முகவலையைக் கொடுத்திருந்தேன். நல்ல வலை, கிழிசல் இல்லாதது. அதை எழுதிக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு ஈ கூட அவரைக் கொட்டவில்லை.

பழைய பெட்டியின் சத்தம் மாறும்வரை காத்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"வாங்க மாப்ள. சீரைத் தொட்டு வாங்கிக்குங்க."

"தள்ளி நின்னு வாங்கினா ஆகாதாப்பா?" என்றாள் புவனா.

எங்கள் பக்கத்தில் சீராக எதைக் கொடுத்தாலும், பாத்திரமோ பசுமாடோ, மாப்பிள்ளை கையால் தொட்டுத்தான் வாங்க வேண்டும். தொடாமல் வாங்கினால் கொடுத்தவனை மதிக்கவில்லை என்று ஆகும். இது நான் அன்றைக்குக் கற்பனை செய்தது அல்ல. என் கல்யாணத்தில் என் மாமனார் கொடுத்த பசுவின் முதுகில் நானும் கை வைத்து வாங்கியவன். அதைச் சொன்னேன். பெட்டியின் விளிம்பில் ஒரு கணம் கை வைத்தால் போதும், வலை இருக்கிறதே என்றேன்.

அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போடா எளவா. இன்னாடா யோசன? நம்ம கையால தொட்டு வாங்கிக்கச் சொல்றாரு பெரியவரு. உங்கப்பன் பண்ணைக்காரங்கூட்டுல மேலருந்து ஊத்துற கஞ்சிய வாங்கிக் குடிச்சவரு. அவரு பாக்கல இத. போயி தொடு."

புவனா வீட்டின் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே நாற்காலியில் பை மாட்டியிருக்கிறது, அதில் மருந்து இருக்கிறது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது போலவே இருந்தது. "சரி, ஒரே நிமிஷம்" என்றாள்.

"ஒரு நிமிஷம்தான புவனா. மாமா கூப்புட்றாரு இல்ல" என்றார் இளவழகன்.

அவர் வந்து வலது கையைத் திறந்திருந்த பழைய பெட்டியின் விளிம்பில் வைத்தார். எடுங்கள் என்று யாரும் சொல்வதற்குள் முதல் ஈ கொட்டியது. பெருவிரலுக்குக் கீழே. பிறகு இன்னும் சில. அவர் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். முதலில் சிரித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். "வாங்கிகினேன் மாமா" என்றார்.

பிறகு துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். உள்ளங்கை அரிக்கிறது என்றார். குரல் மாறியிருந்தது. புவனா அதற்குள் வீட்டுக்குள் ஓடியிருந்தாள். பையோடு திரும்பி வந்து சிமென்ட் தரையில் அதைக் கவிழ்த்தாள். சீப்பு, பர்ஸ், பஸ் டிக்கெட், ஒரு பொட்டு அட்டை எல்லாம் விழுந்தன. சோப்பு டப்பா இல்லை. "அம்மா, இங்கதானேம்மா காட்டினேன்? உள்ளதானேம்மா வச்சேன்?" என்றாள். சுப்புலட்சுமி ஹாலுக்கும் சமையல் கட்டுக்கும் போய்ப் போய் வந்தாள். அம்சவல்லி மகனின் வலையை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். திறந்த பெட்டியில் இளம் புழு காய்ந்துவிடும். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது.

கார் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. சட்டைக்கு மேல் அங்கி போட்டிருந்தேன். அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் சாவியை எடுக்க முடிந்தது. நானே ஓட்டினேன். பின் சீட்டில் புவனா அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, "வேகமாப் போங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரும் நேரம். இத்தனை வருடத்தில் நான் டவுன்ஷிப் சாலையில் வேகமாக ஓட்டியதில்லை. அன்றும் ஓட்டவில்லை. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் பஸ்களுக்கு வழி விட்டேன். மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது புவனா அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அது எனக்குத் தெரிந்ததுதான்.

மாலையில் வீட்டுக்கு வந்து இரண்டு பெட்டிகளையும் பார்த்தேன். பிரித்தது நன்றாகவே பிடித்திருந்தது. பழைய பெட்டி பிறகு தனக்கு ராணி வளர்த்துக்கொண்டது. அது இப்போது முட்டையிடுகிறது.

கம்மாபுரத்துக்கு மாலையோடு போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுவே முதல் முறை. எல்லோரும் எனக்கு வழி விட்டார்கள். ஒருவர் நாற்காலி கொண்டு வந்து போட்டார். அம்சவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மரியாதையாதான் கூப்புட்டீங்க சம்பந்தி, அவன் வெதி அம்மாந்தான்" என்றார். எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

புவனா திரும்பி வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பிரித்த பெட்டியைப் பக்கத்திலேயே வைத்தால், வெளியே போய்ப் பழகிய ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஏன் தெரியுமா, அவை பாதையை மறப்பதில்லை. அவள் வரவில்லை. அம்சவல்லியோடுதான் இருக்கிறாள். அங்கே சொந்தக்காரர்கள் அவளை என்னென்னவோ பேசுகிறார்களாம். அந்த அம்மாள் மட்டும் எதுவும் பேசுவதில்லையாம். புவனா வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். ஊசியைக் கையில் எடுக்க முடியவில்லையாம். தான் மறந்துவிட்டோம் என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். காலையில் பையில் வைத்தேனா, தாயிடம் காட்டியது வேறு நாளா என்று ஜெயகணேஷுக்குப் போன் செய்து கேட்கிறாளாம். அவன் அங்கே இல்லை. அவனுக்கு என்ன தெரியும்.

ஜெயகணேஷின் சம்பந்தம் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. பெண்ணின் படிப்பு முடிந்துவிட்டதாம். ஊரிலிருந்தும் ஆள் அனுப்பியிருந்தார்கள், இந்த வருடக் கொடைக்கு வரச் சொல்லி. எனக்குப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. களைப்பாக இருக்கிறது.

நேற்று மெயின் பஜாரில் வெங்கடேஷைப் பார்த்தேன். என்னோடு பெல்ட் பிரிவில் இருந்தவர், நல்ல மனிதர். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்.

"விடுங்க சார். நீங்க என்ன செய்வீங்க. கூப்பிட்டு விருந்து வச்சீங்க. ஆனா ஒண்ணு, நர்ஸா இருந்துக்கிட்டு மருந்தை எடுத்துட்டு வர மறக்கலாமா? தப்பா நினைக்காதீங்க. வளர்ப்புல எங்கயோ கோட்டை விட்டுட்டாருன்னு நாலு பேரு சொல்றாங்க. நான் உங்களுக்காகப் பேசினேன்."

நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறேன்.

சுப்புலட்சுமிக்குத் தெரியும். அன்று மாலையே, மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், சட்டிக்குப் பின்னால் இருந்த சோப்பு டப்பாவை எடுத்து என் முன்னால் மேஜையில் வைத்தாள். அதன் மேல் ஈரம் பூத்திருந்தது.

"ஏங்க, இது உள்ள எப்படிப் போச்சு?"

"மருந்துக்கு வெயில் ஆகாது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள். டப்பாவை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டால் கொடுப்பாள். நான் அதை மறைத்தேன் என்று எழுத வேண்டாம். வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதை மறைத்தது என்று சொல்ல முடியாது. தேங்காய் நார் எடுக்க உள்ளே போனபோது பையிலிருந்து எடுத்து அங்கே வைத்தேன். அவ்வளவுதான். தேடியவர்களுக்கு அங்கே பார்க்கத் தோன்றவில்லை. பழம் கொடுத்ததையும் கை கழுவ விடாததையும் தொடச் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இனி நான் வந்த விஷயம். புவனா மருந்தைக் கொண்டுவர மறந்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவள் மறக்கவில்லை. என் மகளை நான் அப்படி வளர்க்கவில்லை.